நூலகரும் புதிய முறையும்

நூலகப் பணியாளர் புதிய கருவிகளைக் கண்டால் பின்வாங்குவர் என்று குறை கூறுவோர் பலர். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனே முதலில் தயங்கியவர்தாம் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அந்தத் தனிமை அவருக்குப் பொருந்தவில்லை. சில நாட்களிலேயே, வகுப்பறைக்குத் திருப்பி அனுப்புமாறு வேண்டினார். இலண்டனில் பயின்று வந்த பின்னும் மனம் ஒன்றாவிடில் திரும்பலாம் என்ற உறுதியின் பேரில்தான் கப்பலேறினார். அங்குப் பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் பயின்றார். பல நூலகங்களை நேரிற் கண்டார். 1925-இல் மீண்டவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் அந்நூலகத்திலேயே உழைத்தார். பின்னர், நம் திருத்தணி தந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் துணைவேந்தராயிருந்த காசி இந்துப் பல்கலைக் கழகம் அவரை 1945-இல் அழைத்துக்கொண்டது. அங்கு ஒருவராகவே ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களை வகைப்படுத்தினார்.

சென்னையில் அவர் புகுத்தியவற்றுள் நம்மவர்க்கு நெருக்கமானது திறந்த அலமாரி முறை. பூட்டிய அலமாரி உள்ள இடங்களில் சீட்டெழுதிக் கொடுத்து மேசை முன் காத்து நிற்கவேண்டும். பணியாளர் பூட்டை நம்பியதற்கும் காரணம் உண்டு. காணாமற்போன நூலின் விலை தம் ஊதியத்தில் பிடிக்கப்படுமோ என்னும் அச்சம்! ஆனால் ஊர் எது, தெரு எது என்று ஏற இறங்க நோக்கும் மேசை முன் நம் பிள்ளைகள் வாய் திறவாமலே திரும்பியதுண்டு. கல்லூரி நாட்களில், ஆங்கில நூலொன்றின் பெயரைப் பிழையின்றி உச்சரிக்க இயலாமல் திரும்பியவருள் நானும் ஒருவன்.

பல்கலைக் கழக நூலகங்களைக் கணிப்பொறி வழியே இணைக்க 1991-இல் இன்ஃபிளிப்நெட் தொடங்கப்பட்டபோதும் பழைய தயக்கமே தலைதூக்கியது. அட்டைப் பட்டியலை மனப்பாடமாக அறிந்திருந்த மூத்த பணியாளர், தம் அனுபவம் செல்லாக்காசாகிவிடுமோ என அஞ்சினர். அவர்களை மட்டும் பழிப்பது முறையன்று. கல்லூரியொன்றில் கணிப்பொறி உறை நீங்காமல் நெடுநாள் கிடந்ததைக் கண்டேன். அதனை வாங்கிய நிர்வாகம் பயிற்சிக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. அரங்கநாதனுக்கு வாய்த்த இலண்டன் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி, தன் கல்லூரி நூலகத்தில் நூற்பெயரில் பாதியை மட்டும் தட்டெழுதி, அலமாரி எண்ணைக் குறித்துக்கொண்டு, எவரையும் கேளாமல் நூலை எடுத்துவந்ததாகக் கூறினாள். அதனைப் பெரிய செய்தியாக அவள் கருதவேயில்லை.