அகலக்கோண வில்லையும் அழிந்த கரையும்

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வளவுகளை அழித்தது. முகங்களைப் பேணும் ஒளிப்படம் இடத்தைப் பேணுவது அரிது. ஒடுங்கிய ஒழுங்கையில், பின்வாங்க இடமின்றி நிற்பவருக்கு வாசலையும் கிணற்றையும் வேலியையும் ஒருசேர அடக்கித் தருவது அகலக்கோண வில்லையே.

1900இல் ஜேர்மனியின் கோர்ஸ் நிறுவனத்தினர் வெளியிட்ட ஹைப்பர்கொன், இரண்டே கண்ணாடிகளால் ஏறத்தாழ 135 பாகைக் காட்சியை உள்ளடக்கியது. இத்தகைய சமச்சீர் வில்லைகள் படத்தளத்தை மிக நெருங்கி நிற்பவை. பிற்கால ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராக்களிலோ அவ்விடத்தை ஆடி அடைத்துக்கொண்டது. எனவே 1950இல் பிரான்சின் அஞ்செனியூ நிறுவனம் முன்புறத்தே குழிவில்லையை அமைத்து, 35 மில்லிமீற்றர் வில்லையை ஆடிக்கு அப்பால் விலக்கி நிறுத்தியது.

2008இல் ஆடியற்ற எண்முறைக் கமராக்கள் சந்தைக்கு வந்தபின், இணைப்பு வளையத்தின் துணையால் பழைய வில்லைகள் பலவும் மீண்டும் பயன்படலாயின. எனினும் சமச்சீர் வில்லையின் சாய்ந்த கதிர்கள் படத்தின் ஓரங்களில் நிறத்திரிபை உண்டாக்குவதுண்டு. ஆடிக்காக விலக்கப்பட்ட வில்லையில் அக்குறை குறைவு. அன்றைய தடையே இன்றைய நன்மையாயிற்று. வாங்குவோர் இதனை அறிதல் வேண்டும். ஈரலிப்பான கடற்காற்று வீசும் கல்முனையில், வில்லையை ஒளிக்கெதிரே பிடித்துப் பூஞ்சணம் படர்ந்துள்ளதா எனப் பார்த்தலும் இன்றியமையாதது.

அழிந்த வளவுகளை எவ்வில்லையும் மீட்டுத் தராது. எஞ்சிய கரையையேனும் முழுமையாகப் பதிவுசெய்தல் இத்தலைமுறையின் கடனாகும்.