சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் அவதானக் கலையும்

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்துள்ள விக்டோரியா பொது மண்டபத்தில், 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், 32 வயதுடைய தமிழ்ப் புலவர் ஒருவர் அறிஞர் அவையின் நடுவே அமர்ந்தார். நாற்புறமிருந்தும் தம்மை நோக்கி வந்த வினாக்களை ஒரே அமர்வில் ஏற்று, எதனையும் ஏட்டில் குறித்துக் கொள்ளாமல் மனத்திலேயே தாங்கி விடையிறுத்துச் சதாவதானி என்னும் பெயருக்கு உரியவரானார். அவரே நாகர்கோவிலைச் சார்ந்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர்.

அவதானம் என்பது ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் செலுத்தும் கலை. தனித்தமிழ் அன்பர்கள் இதனைக் கவனகம் என்பர். எட்டு என்றால் அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், நூறு என்றால் சதாவதானம். அவதானியைச் சூழ்ந்து வினவுவோர் அமர்வர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் பெருக்கல் கணக்கு ஒன்றைக் கூறுவார். ஒருவர் ஆண்டும் திங்களும் நாளும் சொல்லிக் கிழமை கேட்பார். இன்னொருவர் தாம் நினைத்தபோதெல்லாம் மணியடிப்பார். பின்னால் நிற்பவரோ பூவையோ சிறு கல்லையோ முதுகின் மேல் எறிந்து கொண்டிருப்பார். மணி எத்தனை, கல் எத்தனை என்பதை இறுதியில் கூற வேண்டும். இடையே சதுரங்கமும் நடைபெறலாம். தெலுங்கு அவதானத்தில், பொருந்தாப் பேச்சுப் பேசி அவதானியின் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒருவரை அமர்த்துவர். வகுப்பறையில் இப்பணியைச் செய்யும் மாணாக்கர் நம்மிடம் எப்போதும் இருக்கின்றனர். அங்கே அதற்கு மரியாதையான இருக்கையும் உண்டு.

ஏறக்குறைய அதே காலத்தில் மேலை நாட்டு அரங்குகளில் வேறொரு வித்தை புகழ்பெற்றிருந்தது. 1906ஆம் ஆண்டில் இலண்டன் அல்காம்பிரா அரங்கில் சூலியசு சான்சிக்கும் அவர் மனைவி ஆக்னசும் மனத்தை மனம் அறியும் காட்சியை நடத்தினர். கணவர் கூட்டத்தினரிடையே சென்று ஒரு பொருளைக் கையில் எடுப்பார். மேடையிலிருக்கும் மனைவி அது இன்னதென்று கூறுவார். இதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1846இல், பாரிசு நகரில் இராபர்ட் ஊதேன் தம் மகனைக் கொண்டு இத்தகைய காட்சியை நடத்தியிருந்தார். இதன் மறைபொருள் குறிச்சொல். வினாவைத் தொடுக்கும் சொற்களிலேயே விடை ஒளிந்திருக்கும்.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறையினர் இதனை அறிவர். மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் இரவு, தோட்டத்துத் திடலில் கண்கட்டிய பெண்ணொருத்தி அமர்ந்திருக்க, வித்தைக்காரர் கங்காணியாரின் கைக்கடிகாரத்தைத் தொட்டு “சொல்” என்பார். கிராணியாரின் பேனாவைத் தொட்டு “உடனே சொல்” என்பார். அவளும் சொல்வாள். லயத்துப் பெரியவர்கள் அதனைக் குறளியின் வேலை என்றனர். “சொல்” என்பதற்கும் “உடனே சொல்” என்பதற்கும் நடுவில்தான் அந்தக் குறளி குடியிருந்தது என்பது பின்னாளில் படித்தறிந்த செய்தி. அவ்வித்தைக்காரரை நான் இகழவில்லை. குறிச்சொற்களை நூற்றுக்கணக்கில் நினைவில் வைத்துத் தடுமாறாமல் ஆளுவதும் கடும்பயிற்சியே. ஆயினும் அங்கே பயிற்சி மறைக்கப்பட்டது, அற்புதமே காட்டப்பட்டது. அவதானத்திலோ மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்பவரும் அறிஞர், சரிபார்ப்பவரும் அறிஞர்.

அப்படியாயின் அவதானி எவ்வாறு நினைவில் கொள்கிறார்? தமிழாசிரியர்கள் இங்குச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெண்பா பாடும் அவதானத்தில் ஒரு கடுமையான வகை உண்டு. பாடலை முதலிலிருந்து கூறாமல், வினவுவோர் விரும்பிய சீரை மட்டும் அவ்வப்போது கேட்பர். “எட்டாம் சீர் என்ன?” என்பர்; கூற வேண்டும். ஏனைய வினாக்களுக்கு விடையிறுத்து வரும்போது, “மூன்றாம் சீர்?” என்பர். முடிவில் முழுப் பாடலும் பொருளோடு நிற்க வேண்டும். நேரிசை வெண்பாவில் 15 சீர்கள். தொடர்பற்ற 15 சொற்களாயின் எவர்க்கும் தடுமாற்றமே. ஆனால் அவை தொடர்பற்றவை அல்ல. முதற் சீரும் ஐந்தாம் சீரும் எதுகையால் கட்டுண்டவை. எட்டாவதாகிய தனிச்சீரும் அதே எதுகைக்கு உட்பட்டது. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வர வேண்டும் என்னும் வெண்டளை விதி, ஒரு சீரின் முடிவைக் கொண்டே அடுத்த சீரின் தொடக்கத்தை வரையறுத்து விடுகிறது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாகவே அமையும். ஆகவே மறந்த சீரை மீட்பதற்கு யாப்பே வழிகாட்டுகிறது. இலக்கணத்தைத் தேர்வுக்குரிய சுமையாக எண்ணும் மாணவர்க்கு, அது நினைவுக்குரிய ஏணியாகவும் இருந்தது என்பதை நாம் சொல்லிக் கொடுத்தோமா என்பது என் ஐயம்.

உளவியலறிஞர் சார்ச்சு மில்லர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மனம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே பற்றிக்கொள்ளும் என்றும், பலவற்றை ஒன்றாகத் தொகுத்துக் கொள்வோர் அவ்வெல்லையைக் கடக்கலாம் என்றும் காட்டினார். (குறளுக்கும் ஏழே சீர், இதனைத் தற்செயல் என்றே கொள்கிறேன்.) அமெரிக்காவின் பிட்சுபர்க்கு நகரில் நிகழ்ந்து 1980இல் வெளியான ஆய்வொன்று இன்னும் தெளிவானது. இயல்பான நினைவாற்றலுடைய கல்லூரி மாணவர் ஒருவர், தொடக்கத்தில் ஏழு இலக்கங்களையே திருப்பிக் கூற முடிந்தவர், 230 மணி நேரத்திற்கு மேற்பட்ட பயிற்சியின் முடிவில் 79 இலக்கங்களைக் கூறினார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றித் தொகுத்துக் கொண்டார். தமக்கு முன்பே நன்கு தெரிந்த ஒன்றைக் கொக்கியாக்கி அதிலே புதியதை மாட்டினார். ஓட்டக்காரர்க்கு ஓட்ட நேரம் எதுவோ அதுவே பாவலர்க்கு யாப்பு.

அந்த யாப்பும் அவர்க்கு எளிதில் கிட்டியதன்று. இடலாக்குடி அந்நாளில் திருவாங்கூர் அரசைச் சேர்ந்தது. பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியே பயின்றார். பின் சென்னை சென்று பதிப்புப் பணியில் ஈடுபட்டு, உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தார். கோவை, பிள்ளைத்தமிழ், அந்தாதி எனப் பல நூல்களும் இயற்றினார். இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற பூசல் எழுந்தபோது, அவை அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டவர்களுள் இவரும் ஒருவர். மறுபுறம் நின்றவர் யாழ்ப்பாணத்துப் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, திரு.வி.க.வின் ஆசிரியர், அகராதி தொகுத்தவர், அவரும் ஒரு சதாவதானி. சைவப் பாடல்களைப் பற்றிய வழக்கில் ஈழத்துச் சைவர் எதிர்த்து நிற்க, நாஞ்சில் நாட்டு முசுலிம் புலவர் ஆதரித்து நின்றார். அந்நாளைய அவையோர் வாதத்தை வாதமாகவே கேட்டனர் என்பதனை இன்று நினைவுகூர்தல் நன்று.

பாவலரைப் பற்றிச் செவிவழி வழங்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து, ‘துருக்கர்’ எனப்பட்ட முசுலிமாகிய அவரை மடக்க ஒருவர் முயன்றாராம். பாவலரோ முன்னடியின் முடிவில் பரதனையும் இலக்குவனையும் நிறுத்தி, அவர்க்குப் பின் ‘சத்’ என்னும் ஒலியை வைத்தார். ஈற்றடியோடு சேர்ந்ததும் அது ‘சத்துருக்கன்’ ஆயிற்று. தம்பியர் மூவரும் அண்ணனோடு கூடினர். கேலி செய்ய வந்தவரும் கை தட்டியிருப்பார். நூறு செய்திகளை நினைவில் வைத்ததைவிட இந்த ஒரு சொற்பிரிப்பே பாவலரின் திறத்தை எனக்குக் கூடுதலாக உணர்த்துகிறது. நினைவு இருந்தால் மட்டும் இது வாராது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் இன்றும் மனனம் செய்யப்படுகின்றன. 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்ட பின்னர், மனனத்தையே கைவிடலாம் என்பாரும் உளர்; பழையபடி ஒப்புவித்தால் போதும் என்பாரும் உளர். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. குறளொன்றைக் கடகடவென்று ஒப்புவிக்கும் மாணவனிடம் அதன் ஐந்தாம் சீரை மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் முதலிலிருந்து தொடங்கி விரல் விட்டு எண்ணுவர். ஆறாம் ஆண்டு வகுப்பில் இதனை ஒரு விளையாட்டாகவே நடத்தி வருகிறேன். இரண்டு திங்களில், எண்ணாமல் சீரைச் சொல்லும் பிள்ளைகள் சிலர் உருவாகின்றனர். அவர்கள் வகுப்பில் முதல்நிலை மாணவர்களாக இருப்பதில்லை என்பது எனக்கே வியப்பு.

தெலுங்கிலும் கன்னடத்திலும் அவதான மேடைகள் இன்றும் நடைபெறுகின்றன. தமிழில் திருக்குறளைக் கொண்டு கவனகம் நிகழ்த்துவோர் சிலரே உள்ளனர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுக் கதராடை உடுத்திய பாவலர் 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். அவருடைய ஊர் தமிழ்நாட்டோடு இணைந்தது அதன் பின்னர், 1956இல்தான். 2008ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இடலாக்குடியின் அரசு மேல்நிலைப் பள்ளி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பெயரைத் தாங்கி நிற்கிறது.