வெயிலோடு போரிட்ட தம்பிகள்: மெசபொத்தேமியா, 1914–1918



முதலாம் உலகப்போரைப் பாடமாக நடத்த, பினாங்கில் நமக்கு ஒரு நல்ல தொடக்கம் கையிலேயே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், அக்டோபர் 28 அதிகாலையில் நம் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. "அவன் சரியான எம்டன்"னு பெரியவங்க சொல்வதை மாணவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பாங்க.

பாடத்தை அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 6-இல், பிரிட்டிஷ் இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் முனையில் ஃபாவ் என்ற இடத்தில் தரையிறங்கியது. இன்றைய ஈராக்தான் அன்றைய மெசபொத்தேமியா. நான்கு ஆண்டு நீடித்த அந்தப் போருக்கு மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் போனது. 1780-இல் தொடங்கிய படை அது. தமிழர், தெலுங்கர் எனத் தென்னாட்டவர் நிறைந்தது. இராணுவத்தில் அவர்களுக்கு வழங்கிய செல்லப்பெயர் 'தம்பி'!

பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது இவர்கள் வேலை. எந்த வெயிலில் தெரியுமா? அங்கே கோடையில் நிழலிலேயே 50 பாகை செல்சியஸை நெருங்கும். நம் பள்ளியில் 35 பாகை வந்தாலே சபைகூடலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறோம்!

அதனால் சிப்பாயின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். கடினமான வேலையை முடிந்தவரை காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்வார்கள். நடுப்பகலில் கூடாரத்துக்குள் ஒடுங்க வேண்டும். அந்தத் துணி வெயிலை மறைக்குமே தவிர வெக்கையைத் தடுக்காது. ஈத்தொல்லை வேறு. தூரத்தில் தண்ணீர் தெரியும்; கிட்டப் போனால் மணல்தான். கானல் நீர் என்று நாம் பாடத்தில் சொல்வதை அவர்கள் தினமும் பார்த்தார்கள். பீரங்கிக்காரருக்கு அதனால் குறியே தப்பும்.

குடிக்க டைகிரிஸ் ஆற்றுநீர். அதில் வயிற்றுக்கடுப்பும் காலராவும் வந்தன. சாப்பாடும் ஒரு போர்க்களம்தான். 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை கூட் நகரில் படை முற்றுகையில் சிக்கியபோது, வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரிபெரி வந்தது. ஆட்டா மாவு தின்ற இந்தியருக்கு அது அவ்வளவாக வரவில்லை. பச்சைக் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி வந்தது. அறிவியல் ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம் பாருங்க.

1917 மார்ச் 11-இல் பாக்தாத் வீழ்ந்தது. அதே ஜூலையில், கொடும் வெயிலில், ரமாடி நகரைப் பிடிக்க ஒரு படையை அனுப்பினார்கள். தோல்வி. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைச் சாய்த்தது துருக்கியர் குண்டு அல்ல, வெயிலும் தாகமும். செப்டம்பர் வரை பொறுத்துப் போனபோது அதே ஊர் இரண்டே நாளில் விழுந்தது. அந்த ஜூலை மாதத்துக்கு விலை கொடுத்தவர்கள், உத்தரவு போட்டவர்கள் அல்லர்.

இத்தனைக்கும் ஒரு சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். இறந்தபின் கிடைத்த மரியாதை? கல்லறை தெரியாத 40,000-க்கும் அதிகமானோருக்காக 1929-இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதிகாரிகளின் பெயரைப் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை, படைப்பிரிவின் கீழ் 'இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். இப்படிப்பட்ட பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுங்கள். மாணவர்கள் அந்தத் தம்பியின் ஒரு நாளை, விடியலிலிருந்து இரவுவரை, ஊருக்கு எழுதும் கடிதமாக எழுதட்டும். கடைசியில் கையெழுத்துப் போட அவனுக்கு ஒரு பெயர் வேண்டும். அதை அவர்களே வைக்கட்டும்.