புதைக்கப்பட்ட மொழி: ஐக்கிய அமெரிக்கப் பாடசாலைகளும் ஸ்பானிய மொழிச் சிறாரும்

1954இல் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து மார்பா நகரிலுள்ள பிளாக்வெல் பாடசாலையில் ஒரு மொழிக்கு ஈமச்சடங்கு நடைபெற்றது. மெக்சிக்க வழிவந்த மாணவர், ஸ்பானிய மொழி பேசுவதில்லையெனக் கடதாசித் துண்டுகளில் எழுதி, அவற்றைப் பெட்டியிலிட்டுப் புதைக்குமாறு செய்யப்பட்டனர்.

இதனை ஆசிரியர் சிலரது கடுமையென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. 1848இல் போரின் முடிவில் கலிபோர்ணியா உள்ளிட்ட பெருநிலப்பரப்பை மெக்சிக்கோ இழந்தது. அங்கு முன்பே வாழ்ந்தோரும், பின்னர் பண்ணைகளுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் மலிவான உழைப்பாளராக வந்தோரும் தம் பிள்ளைகளைத் தனியான ‘மெக்சிக்கப் பாடசாலை’களுக்கே அனுப்ப நேர்ந்தது. 1918இல் ரெக்சாஸ் மாநிலச் சட்டம் ஆங்கிலமல்லாத மொழியிற் கற்பித்தலைக் குற்றமாக்கியது. பிள்ளைகள் ஆங்கிலம் அறியாரென்பதே அவர்களைப் பிரித்துவைத்தற்குக் கூறப்பட்ட நியாயமாகும்.

இந்நியாயத்தின் போலித்தன்மையை 1946இல் மென்டெஸ் வழக்கு வெளிப்படுத்தியது. கலிபோர்ணியாவின் ஒறேஞ்ச் மாவட்டத்துப் பெற்றோர் தொடுத்த அவ்வழக்கில், ஆங்கிலம் வழங்கும் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டமையே சிறாரின் ஆங்கிலக் கல்வியைத் தாமதிக்கச் செய்ததென நீதிமன்றம் கண்டது. 1947இல் மேன்முறையீட்டிலும் பெற்றோரே வென்றனர். பாடசாலை தான் விளைவித்த குறையைப் பிள்ளையின் இயல்பான குறையாகக் காட்டியதை நாம் இங்கு அவதானிக்கலாம்.

பிரிவினை தளர்ந்தபின் அதே தர்க்கம் நுண்மதிச் சோதனையின் வடிவிற் புகுந்தது. ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட சோதனைகளைக்கொண்டு ஸ்பானிய மொழிச் சிறார் உளவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளிற் சேர்க்கப்பட்டனர். டயானா வழக்கில் ஒன்பது பிள்ளைகள் தம் மொழியில் மீளச் சோதிக்கப்பட்டபோது, பெரும்பாலோர் அவ்வகுப்புகளுக்குரியோரல்லர் எனத் தெளிவாயிற்று. 1970இல் ஏற்பட்ட இணக்கம், தாய்மொழியிற் சோதிக்கும் கடப்பாட்டை விதித்தது.

1968இல் இருமொழிக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 1974இல், சான் பிரான்சிஸ்கோச் சீன மாணவரின் வழக்கில், விளங்காத மொழியில் ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் வழங்குதல் சமத்துவமாகாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. எனினும் இவ்வுரிமை நிலையாக நிற்கவில்லை. 1998இல் கலிபோர்ணிய வாக்காளர் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தினர். 2016இலேயே அத்தடை நீங்கிற்று.

பிளாக்வெல் பாடசாலையைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது. கட்டடம் காக்கப்படுதல் நன்றே. ஆயின், வீட்டு மொழியைத் தடையாகக் கருதும் மனோபாவம் வகுப்பறையை விட்டு நீங்கும்வரை அப்புதைகுழி மூடப்பட்டதெனக் கொள்வதற்கில்லை.