அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை: நம் கடலில் மேயும் ஆவுளியா

தஞ்சை மாவட்டம் என்றதும் வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் இருக்கிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று தெற்கே இறங்கும் அந்தக் கரை, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம் என்று தொடர்கிறது. இவற்றில் பல ஊர்களில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள்.

இந்தக் கரைக்கு எதிரே, பாக் விரிகுடாவின் வடபகுதியில், சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று அறிவித்தது. கடற்பசுவுக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். எல்லையைச் சொல்லும்போதே அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்களின் பெயரால் அறியப்படும் இந்தப் பாதுகாப்பகத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை என்பது வியப்புதான்.

மீன் அல்ல, பாலூட்டி

மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். பார்வைக்குப் பெரிய மீன் போலத் தெரிந்தாலும் இது குட்டி ஈன்று பால் கொடுக்கும் பிராணி. உறவுமுறையில் திமிங்கிலத்தைவிட யானைக்குத்தான் நெருக்கம். வளர்ந்த ஆவுளியா சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ வரை எடையும் இருக்கும். 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. யாரையும் கடிப்பதில்லை, எதையும் வேட்டையாடுவதில்லை. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல்லைத் தின்னும்.

கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. கடற்புல்லுக்கு நிலத்துச் செடி போலவே வேர் உண்டு, தண்டு உண்டு, அது பூக்கும், விதையும் விடும். வெளிச்சம் இல்லாமல் அது வளராது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அதனால் வெயில் அடிமட்டம் வரை இறங்குகிறது, புல்லும் செழிக்கிறது. பாதுகாப்பகத்துக்குள் மட்டும் 12,250 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் படுகைகள் உள்ளன.

ஆவுளியா இந்தப் புல்லை மாடு போல நுனி கடித்து மேய்வதில்லை. மூஞ்சியால் மண்ணைக் கிளறி வேரோடு தின்றுகொண்டே நகரும். அது போன தடம், ஏர் ஓட்டிய வயலில் உழவுச்சால் கிடப்பது போல அடிமட்டத்தில் நீளமாகக் கிடக்கும். அந்த இடத்தில் பிறகு இளம்புல் முளைக்கும். இறால், நண்டு, ஓரா மீன் எல்லாம் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது இந்தப் புல்லுக்குள்தான். படகுக்காரரின் அடுத்த ஆண்டு வருமானமும் அங்கேதான் வளர்கிறது.

ஏன் இவ்வளவு கவலை?

இந்தியாவில் கடற்பசு இன்று மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் மட்டுமே இருக்கிறது. மொத்தமே சுமார் 240 இருக்கலாம், அதில் பெரும்பாலானவை தமிழகக் கரையில்தான் என்று பாதுகாப்பகத்தை அறிவித்தபோது தமிழக அரசு தெரிவித்தது.

இந்த எண்ணிக்கை ஏன் அச்சம் தருகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். பெண் ஆவுளியா முதல் குட்டி போடவே பெரும்பாலும் பத்து வயதை நெருங்கிவிடும். கருச்சுமை 13, 14 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது. 200 ஆவுளியா இருந்தால், கூடுதலாகக் கிடைப்பது அதிகபட்சம் ஆண்டுக்குப் பத்து. இந்த நீண்ட கரையில் எத்தனை ஆயிரம் வலைகள் ஒவ்வொரு நாளும் இறங்குகின்றன! வழக்கத்துக்கு மேல் ஆண்டுக்குப் பத்து வலையில் சிக்கி இறந்தாலே பெருக்கம் நின்றுவிடும். பதினைந்து என்றால் இறங்குமுகம்.

வட பசிபிக் கடலில் ஸ்டெல்லர் கடற்பசு என்று இதைவிடப் பல மடங்கு பெரிய ஓர் இனம் இருந்தது. 1741இல்தான் அறிவியலாளர் கண்ணில் பட்டது. 1768க்குள் கப்பல்காரர்கள் கொன்று தின்றே அதை முடித்துவிட்டார்கள். வெறும் 27 ஆண்டுகள். சீனக் கடலில் கடற்பசு இனி தானாகத் தழைக்க வழியில்லை என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

வலைக்குள் என்ன நடக்கிறது?

ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இரவில் விரித்துவிட்டுக் காலையில் எடுக்கும் செவுள் வலையில் சிக்கினால், மேலே வர முடியாமல் மூச்சுத் திணறியே இறந்துவிடும். இதில் மீனவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மீனுக்குத்தான் வலை போட்டார்.

விசைப்படகின் இழுவலை வேறு விதம். அது அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகும்போது புல்லையே பிடுங்கிவிடுகிறது. ஆவுளியா வலைக்குத் தப்பினாலும் மேய்ச்சல் இல்லாமல் போகும். இரட்டைமடியும் சுருக்குமடியும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்பதும் பழைய விதிதான். ஏட்டில் இருக்கும் விதியைக் கடலில் நடத்திக் காட்டுவதுதான் சிரமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடற்பசு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதேதான். வேட்டையாடினாலோ, இறைச்சியை விற்றாலோ, வாங்கினாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

பாதுகாப்பகம் என்றதும் கடலை மூடிவிடுவார்களோ என்ற அச்சம் கரையோரத்தில் எழுவது இயல்பு. சரணாலயம் வேறு, இது வேறு. பாதுகாப்பகத்தை அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்றும், அதன் நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மக்களின் உரிமைகள் இதனால் பறிபோவதில்லை. நாட்டுப்படகில் மீன் பிடிக்கத் தடை இல்லை. அந்தக் குழுவில் யார் நம் ஊருக்காகப் பேசுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் நம் கடலைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுப்பார்கள்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற புல்வெளியை ஹிமாவாக, அதாவது பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்திலும் ஹிமா இருந்தது. அதன் காவலராக ஹுனை என்பவரை அமர்த்தியபோது அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் எளியவரை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் (ரலி) போன்ற செல்வர்களின் பெரிய மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் பயிரும் இருக்கும், எளியவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதே காரணம். வல்லம் வைத்திருப்பவரையும் பெரிய இழுவலைப் படகையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் எவரும் இந்தச் செய்தியை ஒருமுறை வாசிக்கலாம்.

வலையில் சிக்கிவிட்டால்

முன்பெல்லாம் ஆவுளியா இறைச்சி கரையோரச் சந்தைகளில் வெளிப்படையாகவே விற்கப்பட்டது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் வனத்துறையும் 2016 முதல் இக்கரையில் மீனவர்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்குப் பாராட்டும் ரொக்கப் பரிசும் தரப்படுகின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடற்பசு பெயரிலேயே கல்வி உதவித்தொகையும் வழங்கியிருக்கிறார்கள். வலையை அறுத்து விடுவது சின்ன விஷயம் அல்ல. நல்ல வலை பல ஆயிரம் ரூபாய். அதை அறுத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

தவறுதலாகச் சிக்கியது வேட்டை ஆகாது. உயிரோடு இருந்தால் தலையை நீருக்கு மேலே வரச் செய்து, மூச்சு விடவிட்டு, வலையை அறுத்து அங்கேயே விட்டுவிட வேண்டும். கரைக்கு இழுத்து வரக்கூடாது. கைப்பேசியில் காட்சி எடுத்துவைத்தால் வனத்துறையிடம் காட்டலாம். இறந்து கிடந்தால் மறைக்காமல் தெரிவிப்பதே பாதுகாப்பு, மறைத்தால்தான் வழக்கு. கடலில் அவசரத்துக்குக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் இருக்கிறது.

கடலில் உள்ளது ஆகுமானதுதானே என்று சிலர் கேட்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கடலில் மட்டும் வாழ்பவை பொதுவாக ஆகுமானவை என்பதும், ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே என்பதும் தெரிந்ததே. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் ஆகுமானது என்பதாலேயே ஒன்றைத் தின்றாக வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

இந்த ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வளைகுடா சென்றவர்கள் ஏராளம். அபூதாபிக் கடலில் சுமார் மூவாயிரம் கடற்பசுக்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவை அடுத்து உலகிலேயே பெரிய கூட்டம் அந்தப் பகுதியில்தான். உம்முல் குவைனில் உள்ள அகாப் தீவில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அடுக்கிவைத்த கடற்பசு எலும்புக் குவியலைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாடு நடந்ததும் அபூதாபியில்தான். நம் பாக் விரிகுடாப் பாதுகாப்பகத்தை அங்கீகரிக்கும் தீர்மானம் அங்கே நிறைவேறியது.

வயலிலிருந்து கடலுக்கு

கடலில் இறங்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் காவிரி நீரை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை கொண்டுவந்தது. பாய்ந்த நீர் வடிகால்கள் வழியாகவும் காட்டாறுகள் வழியாகவும் கடைசியில் இந்தக் கடலில்தான் விழுகிறது. வயலுக்கு அளவுக்கு மீறி இட்ட உரம், இறால் பண்ணைக் கழிவு, கரைந்த மண், பிளாஸ்டிக் எல்லாம் கூடவே போகும். உரச்சத்து கூடினால் நீரில் பாசி பெருகும். பாசியும் கலங்கலும் வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் புல் சாகும். வலீமா விருந்து முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலை எட்டிப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்கவேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நேரில் சொல்ல ஏற்ற இடம் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. பன்னாட்டுக் கடற்பசுப் பாதுகாப்பு மையத்தை அமைக்கத் தமிழக அரசு தேர்ந்தெடுத்ததும் அதே மனோராவைத்தான். அங்கே நின்றால் எதிரே தெரியும் கடல்தான் ஆவுளியா மேயும் கடல்.