இணைய நிரலாக்கமும் உதவிக் கருவிகளும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல், 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கணினிக் கல்வி இங்கே வேரூன்றத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கப்பட்டது. 1956இல் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, பின்னர் கணினிப் பாடங்களையும் கற்பிக்கலானது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. ஆகிய இரு மொழிகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. அக்காலத்து இணையதளங்கள் பெரும்பாலும் நோட்பேடில் வரிவரியாக எழுதப்பட்டவை. ஒரு குறி விடுபட்டால் பக்கம் குலைந்துவிடும். எந்த வரியில் பிழை என்று எழுதியவரே தேட வேண்டும். தமிழ்த் தளங்களுக்கு எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. பல தளங்கள் தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்ததால், அதைத் தரவிறக்காத கணினியில் வெறும் கிறுக்கலே தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது.

அடுத்த கட்டம் பிறர் எழுதிய நிரலை எடுத்தாண்ட காலம். 2005இல் நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், 2006இல் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேகுவெரி, 2008இல் நிரல்களைப் பகிரும் கிட்ஹப், கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆகியவை வந்தன. 2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப், ப்ரௌசிங் சென்டரை நம்பியிருந்த மாணவர்களின் வீட்டுக்கே கணினியைக் கொண்டுவந்தது. தேடு, நகலெடு, ஒட்டு என்பது நாடெங்கும் நிரலாளர்களின் பழக்கமானது. பிறர் நிரலைச் சார்ந்திருப்பதன் ஆபத்து 2016 மார்ச்சில் வெளிப்பட்டது. லெஃப்ட்-பேட் என்னும் 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்.பி.எம்.இலிருந்து நீக்கியதும், அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் உலகெங்கும் நின்றுபோயின. தாம் யாருடைய நிரலை நம்பியிருக்கிறோம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

2017இல் ஆஷிஷ் வாஸ்வானியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பு, நிரலையும் ஒரு மொழியாகக் கற்கும் மாதிரிகளுக்கு வழி திறந்தது. நிரல் வரிகளைப் பரிந்துரைக்கும் கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாகவும், ஓராண்டு கழித்துப் பொதுப் பயன்பாட்டுக்கும் வந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2025 வாக்கில் கோப்புகளைத் தாமே திறந்து, திருத்தி, சோதனைகளையும் ஓட்டும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) முகவர்கள் பரவலாயின.

இவற்றின் பயன் குறித்த ஆய்வுகள் ஒரே திசையில் போகவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வலைச் சேவையகம் எழுதும் பணியில் கோபைலட்டைப் பயன்படுத்தியவர்கள் 55.8 விழுக்காடு விரைவாக முடித்தார்கள் என்றது 2023இல் வெளியான ஒரு சோதனை. 2025இல் மீட்டர் (METR) என்னும் ஆய்வு அமைப்பு, தங்களுக்கு நன்கு பழகிய திறமூலத் திட்டங்களில் வேலை செய்த 16 நிரலாளர்களை ஆராய்ந்தது. ஏஐ கருவியோடு அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது; அவர்களோ 20 விழுக்காடு மிச்சமானதாக நம்பினார்கள். பாதுகாப்பிலும் எச்சரிக்கை எழுந்தது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், பாதுகாப்புப் பிழைக்கு வாய்ப்புள்ள சூழல்களைக் கொடுத்துக் கோபைலட்டிடம் 1,689 நிரல்களைப் பெற்றனர். சுமார் 40 விழுக்காட்டில் ஓட்டைகள் இருந்தன.

தமிழ்த் தளங்களில் இன்னொரு வகைப் பிழை நேரும். படிவத்தில் ஊர்ப்பெயரின் எழுத்துகளை எண்ணக் கருவியிடம் நிரல் கேட்டால், ஆங்கிலத்துக்குப் பழகிய வழக்கமான விடை ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’ என்னும் பண்பைப் பயன்படுத்துவதே. ‘திண்டுக்கல்’ என்பதற்கு அது 11 என்று சொல்லும். தி, ண், டு, க், க, ல் எனத் தமிழில் எழுத்து ஆறுதான். யூனிகோடு துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணுவதால் 11 ஆகிறது. பத்து எழுத்து வரம்புள்ள படிவம் இந்த ஊர்ப்பெயரை ஏற்காது. சரியான வழி, எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்கும் ‘இன்ட்ல் செக்மென்டர்’. நிரல் பிழையின்றி ஓடுவதால், தமிழ் தெரிந்தவர் தமிழ்ச் சொல்லை இட்டுப் பார்த்தால்தான் தவறு தெரியும்.

இந்த அனுபவங்களிலிருந்து தொழிலில் சில நடைமுறைகள் உருவாகியுள்ளன. வேலையைச் சிறு துண்டுகளாகக் கேட்பது. ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் தனியே பதிவது. நிரலுக்கு முன்பே சோதனைகளை எழுதிவைப்பது. கருவி பரிந்துரைக்கும் தொகுப்பு உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்ப்பது. இவை முதன்மையானவை. இல்லாத தொகுப்பின் பெயரைக் கருவி புனைந்து சொல்வதுண்டு. அதே பெயரில் தீங்கு நிரலைப் பதிவேற்றி வைப்பவருக்கு அது வாசலாகிவிடும். கடவுச்சொற்களையும் வாடிக்கையாளரின் விவரங்களையும் கருவியிடம் ஒட்டக் கூடாது. இத்தகைய விவரங்களைக் காக்க 2023இல் இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

நோட்பேடு முதல் முகவர் வரை ஒவ்வொரு கருவியும் எழுதும் உழைப்பைக் குறைத்திருக்கிறது. சரிபார்க்கும் பொறுப்பை எதுவும் ஏற்கவில்லை. தானே எழுதிப் பிழை திருத்திப் பழகாத மாணவரால் கருவி தந்ததைச் சரிபார்க்க இயலாது. ஆகவே கல்லூரிகள் அடிப்படை நிரலாக்கத்தையும் பிழைதேடலையும் முதலில் கற்பித்து, அதன்பின் இக்கருவிகளை மாணவர் கையில் தருவதே தொழிலுக்கு நன்மை.