பம்பாய்ப் பிளேக்கும் கருத்தியல்களின் வளைகோடும்

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தோரின் எண்ணிக்கையை வரைபடமாக்கினால் மணி வடிவ வளைகோடு ஒன்று கிடைக்கும். 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தம் தொற்றுநோய்ச் சமன்பாட்டை அந்தப் புள்ளிகளின்மீது பொருத்திக் காட்டினர். கோடும் புள்ளிகளும் ஏறத்தாழ ஒன்றின. கருத்துகள் மக்களிடையே பரவுவதைக் கணிதமாக்க முயன்ற பிற்கால ஆய்வுகள் பலவும் இந்தச் சமன்பாட்டின் வழிவந்தவையே.

நோயையும் கருத்தையும் ஒன்றாக நோக்கும் எண்ணம் அதற்கும் முந்தையது. அல்மோராவில் பிறந்து, 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், 1911இல் ‘நிகழ்வுகளின் கோட்பாடு’ ஒன்றை வகுத்தார். ஒரு நிகழ்வு ஏற்கெனவே எத்தனை பேருக்கு நேர்ந்துள்ளது என்பதைப் பொறுத்து மேலும் பரவுபவை ஒரு வகை. அதைப் பொறுத்திராதவை மறுவகை. முதல் வகையில் தொற்றுநோயோடு, பிரசாரம் செய்யும் சமயப் பிரிவுகளிலும் தொழிற்சங்கங்களிலும் அரசியல் கட்சிகளிலும் மக்கள் சேர்வதையும் அவர் அடக்கினார். காலனிய மருத்துவ அதிகாரியின் கண்ணுக்குத் தொழிற்சங்கமும் நோயாகவே தெரிந்தது என்று எளிதில் சொல்லிவிடலாம். அது நியாயமாகாது; ராஸ் ஒப்பிட்டது பரவும் முறையை மட்டுமே.

1964இல் காஃப்மனும் நியூவிலும் அறிவியல் கருத்துகளுக்கும், டேலியும் கெண்டாலும் வதந்திகளுக்கும் தொற்றுநோய்க் கணிதத்தைப் பயன்படுத்தினர். இவற்றைவிட அதிகம் பேசப்பட்டது 2003இல் ஏப்ரம்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் வெளியிட்ட, மொழிகளின் மறைவு பற்றிய ஒரு பக்கக் கட்டுரை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, பெரு முதலிய பகுதிகளின் தரவுகளோடு அவர்களது வளைகோடு நன்கு பொருந்தியது. ஒரு மொழியின் கவர்ச்சியை அதைப் பேசுவோரின் தொகையும் அதன் சமூக மதிப்பும் தீர்மானிக்கின்றன என்பது அடிப்படை எடுகோள். போட்டியிடும் இரு மொழிகள் நிலையாகச் சேர்ந்து வாழ இயலாது, ஒன்று அழிந்தே தீரும் என்பது முடிவு. 2011இல் ஏப்ரம்ஸும் வேறு இருவரும் இதே சட்டகத்தைச் சமயத்துக்கு விரித்தனர். 9 நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டு, அங்கெல்லாம் சமயச் சார்பு மறைவை நோக்கிச் செல்கிறது என்றனர்.

இங்கேதான் பம்பாய்க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்நகரின் பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதன்று; எலிகளும் எலித் தெள்ளுகளும் பரப்பியது. பருவத்தோடு தணிந்தது, அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தது. சமன்பாட்டில் பருவத்துக்கு இடமில்லை. ஆயினும் கோடு பொருந்தியது. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் இதை மறைக்கவில்லை. தம் எடுகோள்கள் முழுமையாக நிறைவேறவில்லை, இது தோராயமே என்று அக்கட்டுரையிலேயே எழுதினர். பாடநூல்கள் பலவற்றில் வரைபடம் இடம்பெற்றது, எச்சரிக்கை விடுபட்டது.

மொழி மாதிரியில் எலியின் இடத்தில் இருப்பது ‘சமூக மதிப்பு’. கேலிக் பேசிய குழந்தையைத் தண்டித்த பள்ளி, கெச்சுவா தெரியாத நீதிமன்றம், நிலப்பறிப்பு, இடப்பெயர்வு எல்லாம் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒற்றை எண்ணாகச் சுருங்குகின்றன. அந்த எண்ணும் தரவிலிருந்தே பின்னோக்கிக் கணிக்கப்படுகிறது. வரலாறு நிகழ்த்தியதைக் கோடு விவரிக்கிறது; காரணம் எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. அரசின் கொள்கை இந்த எண்ணை உயர்த்த முடியும் என்பதற்குக் கியூபெக்கின் பிரெஞ்சைக் கட்டுரையாளர்களே சுட்டினர். செய்தித்தாள்களின் தலைப்புக்கு அது எட்டவில்லை.

இன்னொரு விடுபடல் இந்திய வாசகருக்கு உடனே கண்ணில் படும். அந்த மாதிரியில் இருமொழியாளரே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியரில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் தாய்மொழிக்கு அப்பால் இன்னொரு மொழியும் அறிந்தவர்கள். 2005இல் மீராவும் பாரெடெஸும் ஸ்பெயினின் கலீசியப் பகுதியை முன்வைத்து இருமொழியாளரை மூன்றாம் பிரிவாகச் சேர்த்தனர். இரு மொழிகளும் போதுமான அளவு நெருங்கியவையாக இருந்தால், இரண்டும் நிலைத்திருக்கும் தீர்வு ஒன்று அதே கணிதத்திலிருந்து வெளிப்பட்டது.